அதிர்ஷ்டம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

பழைய, சின்ன ஆட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கன்சோல் வாங்குவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: மைன்ஸ்வீப்பரில் பிகினர், இன்டர்மீடியட் இரண்டும் சுலபமாக முடிகிறது. எக்ஸ்பர்ட்டில் மட்டும் எப்போதும் பாதியில் வெடித்துவிடுகிறது. இது வெறும் அதிர்ஷ்ட ஆட்டம்தானே? – வாசகர், திண்டுக்கல்

கட்டங்களுக்கு அடியில் வெடிகள் மறைந்திருக்கும்; திறந்த கட்டத்தில் தெரியும் எண், அதைச் சுற்றியுள்ள கட்டங்களில் எத்தனை வெடி என்று சொல்லும். முதலில் பலகையைப் பாருங்கள். பிகினரில் 81 கட்டம், 10 வெடி. இன்டர்மீடியட்டில் 256-க்கு 40. எக்ஸ்பர்ட்டில் 480-க்கு 99. பலகை பெரிதானது மட்டும் இல்லை, நெருக்கமும் கூடியிருக்கிறது. எட்டில் ஒன்றாக இருந்த வெடி ஐந்தில் ஒன்றாகிவிட்டது. பிகினரில் ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் போதும். எக்ஸ்பர்ட்டில் பக்கத்துப் பக்கத்து எண்களைச் சேர்த்துப் படிக்கத் தெரியாவிட்டால் நகர முடியாது. "இனி ஊகம்தான்" என்று பலர் கை வைக்கும் இடத்தில் பெரும்பாலும் இன்னும் கணக்கு மிச்சம் இருக்கும்.

ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். திறந்த வரிசையில் 1, 2, 1 என்று மூன்று எண்கள். அவற்றுக்கு மேலே திறக்காத ஐந்து கட்டங்கள்: அ, ஆ, இ, ஈ, உ. இடது 1-க்கு நேர் மேலே ஆ, 2-க்கு மேலே இ, வலது 1-க்கு மேலே ஈ. இடது 1 தொடுவது அ, ஆ, இ. நடு 2 தொடுவது ஆ, இ, ஈ. வலது 1 தொடுவது இ, ஈ, உ. இப்போது இ-யில் வெடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது 1-இன் கணக்கு அதோடு முடிந்தது, ஆகவே ஆ-வில் வெடி இல்லை. வலது 1-இன் கணக்கும் முடிந்தது, ஆகவே ஈ-யிலும் இல்லை. அப்படியானால் நடு 2-க்கு ஒரே ஒரு வெடிதான் கிடைக்கிறது. கணக்கு உதைக்கிறது. எனவே இ பாதுகாப்பு; வெடிகள் ஆ-விலும் ஈ-யிலும்; அ, உ இரண்டையும் கண்ணை மூடித் திறக்கலாம். மூன்று எண்ணிலிருந்து ஐந்து கட்டமும் தீர்ந்தது.

இதே மாதிரி 1-2-2-1 வந்தால் இரண்டு 2-களுக்கும் நேர் மேலே வெடி, மற்றவை காலி. சுவரோரம் 1-1 என்று தொடங்கினால் சுவரிலிருந்து மூன்றாவது கட்டம் காலி. 1-க்குப் பக்கத்தில் 2 இருந்தால், 2 தொட்டு 1 தொடாத கட்டத்தில் வெடி உறுதி. இந்த நான்கும் கை பழகினாலே எக்ஸ்பர்ட் பலகையில் பெரும்பகுதி ஓடிவிடும்.

தவறு எங்கே நடக்கிறது? எண்ணை அப்படியே படிப்பதில். பக்கத்தில் ஏற்கெனவே உறுதியான வெடிகளைக் கழித்த பிறகுதான் எண்ணுக்கு மதிப்பு. ஒரு வெடி தெரிந்த 3 என்பது 2. இரண்டு வெடி தெரிந்த 3 என்பது 1. பார்வைக்கு 2-3-1 என்று இருப்பது கழித்துப் பார்த்தால் 1-2-1 ஆக இருக்கும். எதிர்ப்பக்கம் திறக்காத கட்டம் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன விதி பொருந்தாது. இதைக் கவனிக்காமல் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம் வெடிக்கிறார்கள்.

இதில் இவ்வளவு ஆழமா என்று கேட்டால், 2000-இல் ரிச்சர்ட் கே என்ற கணிதவியலாளர், கொடுக்கப்பட்ட ஒரு மைன்ஸ்வீப்பர் பலகை முரணில்லாமல் அமையக்கூடியதா என்ற கேள்வி, கணினி அறிவியலில் மிகக் கடினமானவை என்று கருதப்படும் 'என்பி-முழுமை' வகையைச் சேர்ந்தது என்று நிறுவிவிட்டார். ஆபீஸில் நேரம் போக்கும் ஆட்டம் என்று இனிச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: மைன்ஸ்வீப்பரில் எல்லா விதியும் போட்டுப் பார்த்தும் ஒன்றும் தெரியாத நிலையில் எந்தக் கட்டத்தை அழுத்துவது? முதல் கிளிக் எங்கே வைப்பது? – வாசகி, கோவை

முதல் கிளிக் முதலில். விண்டோஸ் எக்ஸ்பி வரையிலான பதிப்புகளில் முதல் கிளிக் வெடிக்காது. அங்கே வெடி இருந்தால் நிரல் அதை எடுத்து மேல் இடது மூலையில் வைத்துவிடும். ஆனால் வெடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, காலி இடம் விரிந்து திறக்க வேண்டும். அதற்குச் சுற்றியுள்ள கட்டம் எதிலும் வெடி இருக்கக் கூடாது. மூலைக் கட்டத்துக்கு அண்டை 3, ஓரத்துக்கு 5, நடுவுக்கு 8. எக்ஸ்பர்ட் நெருக்கத்தில் கணக்குப் போட்டால் மூலையில் விரிந்து திறக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஓரத்தில் நூற்றுக்கு 31. நடுவில் 15-ஐ ஒட்டி. ஆகவே மூலைதான். அதிலும் மேல் இடது மூலையை விட்டுவிடுங்கள். அங்கே வெடி இருந்தால் அது பக்கத்துக் கட்டத்துக்கே தள்ளப்படும், திறப்பு கிடைக்காது. முதல் கிளிக்கிலேயே இடம் விரித்துத் தரும் பதிப்புகளில் இந்தக் கவலை இல்லை.

இனி ஊகம். ஆப்ஷன் இரண்டு இருந்தால் ஆளுக்குப் பாதி என்று நினைப்பது பெரிய தப்பு. ஒரு நிலை: கொடிகளை (வெடி என்று நீங்கள் குறித்துவைத்த கட்டங்களை) கழித்த பிறகு இரண்டு எண்களுக்கு மிச்சம் ஒவ்வொரு வெடி. இடது எண் தொடுவது அ, ஆ. வலது எண் தொடுவது ஆ, இ. விடை இரண்டு விதமாக அமையலாம்: ஆ-வில் மட்டும் ஒரு வெடி; அல்லது அ-விலும் இ-யிலுமாக இரண்டு வெடி. ஐம்பது-ஐம்பது போலத் தெரிகிறது. ஆனால் பலகை முழுவதும் வெடி இல்லாத கட்டம் 381, உள்ளது 99. ஒரு வெடியைக் குறைவாகச் செலவழிக்கும் அமைப்புக்கு, மிச்ச வெடிகளை மற்ற இடங்களில் பரப்பிவைக்க ஏறக்குறைய நான்கு மடங்கு அதிக வழி உண்டு. ஆக ஆ-வில் வெடி இருக்க நூற்றுக்கு 80 அளவு. திறக்க வேண்டியது அ அல்லது இ. ஆட்டக் கடைசியில் இந்த விகிதம் மாறும். அப்போது பலகைக்கு மேலே காட்டும் மிச்ச வெடி எண்ணை, எந்த எண்ணும் தொடாத கட்டங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எண்களை ஒட்டிய எந்தக் கட்டத்திலும் ஆபத்து மூன்றில் ஒன்றுக்குக் குறையவில்லை என்றால், எதையும் தொடாமல் தூரத்தில் கிடக்கும் கட்டமே மேல். அங்கே ஆபத்து ஐந்தில் ஒன்றுதான். உண்மையாகவே ஐம்பது-ஐம்பது, எந்தப் பக்கத்திலிருந்தும் புதுத் தகவல் வர வழியில்லை என்றால் உடனே அழுத்துங்கள். பத்து நிமிடம் பலகையைத் தீர்த்துவிட்டுக் கடைசியில் அதே ஐம்பது-ஐம்பதில் தோற்பதில் என்ன லாபம்?

கேள்வி: மைன்ஸ்வீப்பரில் ஓர் எண்ணின்மேல் மவுஸின் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் சுற்றியுள்ள கட்டங்கள் வேகமாகத் திறக்கின்றன. ஆனால் சில நேரம் சரியான எண்ணிலேயே வெடிக்கிறதே? – வாசகர், ஓசூர்

எண் சரி, கொடி தப்பு. நிரல் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த எண்ணைச் சுற்றி அத்தனை கொடி இருக்கிறதா. கொடி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று அது பார்க்காது. இரண்டு பட்டனால் அழுத்தப் போகும் எண்ணைச் சுற்றியுள்ள வெடிகளுக்கு மட்டும் கொடி வையுங்கள். மற்ற இடங்களில் கொடி வைப்பது நேர விரயம்.

கேள்வி: பாக்மேனில் நான்கு பேய்களும் ஒரே மாதிரிதானே துரத்துகின்றன? நிறம் மட்டும்தானே வேறு? – வாசகர், திருச்சி

இல்லவே இல்லை. 1980-இல் நாம்கோ நிறுவனத்துக்காக தோரு இவாத்தானி வடிவமைத்த, பேய்களிடம் சிக்காமல் சந்துகளில் ஓடிப் புள்ளிகளைத் தின்று முடிக்கும் ஆட்டம் இது. ஜப்பானியப் பதிப்பிலேயே நான்குக்கும் குணம் சொல்லியிருந்தார்கள்: துரத்துகிறவன், பதுங்கி மடக்குகிறவன், மனம் போன போக்கில் போகிறவன், அசடுபோல் நடிக்கிறவன். அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. நிரலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஒவ்வொரு பேய்க்கும் எந்நேரமும் ஓர் இலக்குக் கட்டம் உண்டு. சந்திப்பு வந்தால், எந்தப் பக்கம் திரும்பினால் அந்த இலக்குக்கு நேர்கோட்டுத் தூரம் குறையுமோ அந்தப் பக்கம் திரும்பும். தூரம் சமமாக இருந்தால் மேல், இடது, கீழ், வலது என்ற முன்னுரிமை. துரத்தும்போது வந்த வழியே திரும்ப அதற்கு அனுமதி இல்லை. இவ்வளவுதான் அதன் மூளை. வேறுபாடு இலக்கில்.

சிவப்புப் பேய் பிளிங்கியின் இலக்கு நீங்கள் நிற்கும் கட்டமே. இளஞ்சிவப்பு பிங்கியின் இலக்கு நீங்கள் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் தள்ளி. இதில் ஒரு நிரல் பிழை உண்டு: நீங்கள் மேல் நோக்கிப் போகும்போது மட்டும் நான்கு கட்டம் மேலேயும் நான்கு கட்டம் இடது பக்கமும் தள்ளிக் குறிவைக்கும். நீல இங்கிதான் குழப்பக்காரன். உங்களுக்கு முன்னால் இரண்டு கட்டம் தள்ளி ஒரு புள்ளி. பிளிங்கியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு. அதே நீளத்துக்கு இன்னொரு மடங்கு நீட்டினால் முடியும் இடம் இங்கியின் இலக்கு. ஆகவே சிவப்பு உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வரும்போது நீலம் உங்களுக்குச் சற்று முன்னால் வந்து மறிக்கும். சிவப்பு தூரத்தில் இருந்தால் நீலம் எங்கோ சுற்றும். நீலத்தைப் பார்த்துப் பயப்படும் முன் சிவப்பு எங்கே என்று பாருங்கள். ஆரஞ்சு கிளைடு, எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் சிவப்பைப் போலத் துரத்தும். அதற்குள் வந்துவிட்டால் கீழ் இடது மூலைக்கு ஓடும்.

கையில் உடனே பயன்படும் தந்திரம் பிங்கியோடுதான். அது எதிரே வரும்போது பலரும் திரும்பி ஓடுகிறார்கள். திரும்பாதீர்கள், நேராக அதை நோக்கிப் போங்கள். இடைவெளி நான்கு கட்டத்துக்குக் குறைந்துவிட்டால் அதன் இலக்கு அதற்கே பின்னால் விழுந்துவிடும். அது திரும்பி வர முடியாததால் நடுவில் கிடைக்கும் சந்தில் ஒதுங்கிச் சுற்றிப் போகும். ஆனால் உங்கள் இருவருக்கும் நடுவில் சந்து இருக்க வேண்டும். நீண்ட நேர்ப்பாதையில் இதைச் செய்தால் பேய்க்கு விருந்து.

அடுத்தது வேகம். முதல் லெவலில் பாக்மேன் முழு வேகத்தில் நூற்றுக்கு 80, பேய் 75. புள்ளி தின்றுகொண்டு போகும்போது பாக்மேன் 71-ஆகக் குறைகிறான். இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது: பேய் பின்னால் வரும்போது ஏற்கெனவே தின்று முடித்த பாதையில் ஓடுங்கள். புள்ளி உள்ள பாதையில் ஓடினால் அது பிடித்துவிடும். பக்கவாட்டுச் சுரங்கத்தில் பேயின் வேகம் 40-க்கு விழுகிறது, உங்களுடையது குறையாது.

கடைசி 20 புள்ளி இருக்கும்போது சிவப்பின் வேகம் 80 ஆகும். 10 இருக்கும்போது 85. தின்னாமல் விட்ட புள்ளிகள் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தால் அங்கேதான் உயிர் போகும். மிச்சம் வைப்பதானால் ஒரே பகுதியில் வையுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு பாக்மேன் பாதையைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். சில நாள் கச்சிதமாக வேலை செய்கிறது, சில நாள் நடுவில் கெட்டுவிடுகிறது. ஏன்? – வாசகி, புதுச்சேரி

பாதை மனப்பாடம் பலிப்பதற்குக் காரணம், பேய்கள் துரத்துவதில் தற்செயல் கிடையாது. நீங்கள் ஒரே மாதிரி ஆடினால் அவையும் ஒரே மாதிரி ஆடும். பெரிய புள்ளியைத் தின்றதும் நீலமாகி அலையும்போது மட்டும் எழுமாற்று எண் பார்த்துத் திரும்புகின்றன. அந்த எண் வரிசையும் ஒவ்வொரு லெவல் தொடக்கத்திலும் பழைய இடத்திலிருந்தே தொடங்கும்.

கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் கட்டைவிரல். வளைவு வரும் முன்பே ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிவிட்டால் பாக்மேன் மூலையைக் குறுக்காக வெட்டிக் கொஞ்சம் நேரம் மிச்சம் பிடிப்பான். ஒரு நாள் முன்கூட்டித் திருப்பி, ஒரு நாள் சுவரில் முட்டிய பிறகு திருப்பினால் சில ஃபிரேம் (திரை ஒரு முறை மாறும் நேரம், வினாடியில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு) வித்தியாசம் வரும். அதனால் ஒரு பேய் ஒரே ஒரு சந்திப்பில் வேறு பக்கம் திரும்பும். அதற்குப் பிறகு மனப்பாடம் எல்லாம் வீண்.

பேய்கள் எப்போதும் துரத்துவதும் இல்லை. முதல் லெவலில் 7 வினாடி தங்கள் மூலைக்குப் போகும், 20 வினாடி துரத்தும். மறுபடி 7, 20. பிறகு 5, 20, 5. அதன்பின் ஓயாத துரத்தல். முறை மாறும் கணத்தில் எல்லாம் சட்டென்று எதிர்த்திசைக்குத் திரும்பும். நீங்கள் தாமதித்தால் அந்தத் திருப்பம் தப்பான இடத்தில் நடக்கும். உயிர் ஒன்று போன பிறகு பேய்கள் கூண்டிலிருந்து வெளிவரும் புள்ளிக் கணக்கே வேறு. அதனால் ஒரு முறை மாட்டிக்கொண்டால் அந்த லெவல் முழுக்கப் பாதையை மறந்துவிட்டுக் கண்ணால் ஆடுங்கள். மொபைல் நகல்களில் இந்த விதிகள் மாறியிருக்கலாம். அசல் ஆர்கேட் நிரலுக்கான பாதை அங்கே பலிக்காது.

கேள்வி: 2048-இல் 1024-ஐத் தாண்ட முடியவில்லை. எண்களை மூலையில்தான் வைக்கிறேன். – வாசகர், வேலூர்

ஒரே எண் கொண்ட டைல்களைத் தள்ளிச் சேர்த்துப் பெரிதாக்கும் இந்த ஆட்டத்தில் மூலையில் வைப்பது பாதிதான். அந்த வரிசை நிரம்பியிருக்க வேண்டும். பெரிய எண் கீழ் இடது மூலையில் என்றால் கீழ் வரிசையின் நான்கு கட்டமும் வெவ்வேறு எண்களால் நிரம்பி இருக்கும்வரை வலது பக்கம் தள்ளினாலும் மூலை அசையாது. கீழே, இடது என்று ஆடுங்கள். கீழ் வரிசை பூட்டியிருந்தால் மட்டும் வலது. அடுக்கு இப்படி அமைய வேண்டும்: கீழே இடமிருந்து வலமாக 256, 128, 64, 32, அதன் மேல் வரிசையில் வலமிருந்து இடமாக 16, 8, 4. பாம்பு வளைவது போல. கடைசியில் ஒரு 4 சேர்ந்தால் சரசரவென்று எல்லாம் ஒன்றாகும்.

மேலே தள்ளியே ஆக வேண்டிய நிலை வரும். மேலே தள்ளி மூலை காலியானால், புது எண் அங்கே விழும் வாய்ப்பு, காலிக் கட்டம் எத்தனையோ அதில் ஒரு பங்கு. எட்டுக் கட்டம் காலி என்றால் எட்டில் ஒன்று. மூன்று காலி என்றால் மூன்றில் ஒன்று. பலரும் பலகை நிரம்பி மூச்சு முட்டும்வரை தள்ளிப்போடுகிறார்கள். தவிர்க்க முடியாது என்று தெரிந்தால் இடம் இருக்கும்போதே செய்துவிட்டு அடுத்த நகர்த்தலிலேயே கீழே இறக்குங்கள்.

2, 2, 4 என்ற வரிசையை இடது பக்கம் தள்ளினால் 8 வராது. 4, 4 என்றுதான் நிற்கும். ஒரு தள்ளலில் ஒரு டைல் ஒரு முறைதான் சேரும். புதிதாக வருவது பத்தில் ஒன்பது முறை 2, ஒரு முறை 4; சராசரி 2.2. ஆக 2048-ஐத் தொட 930 நகர்த்தல் அளவு ஆகும், அப்போது ஸ்கோர் 20,000-ஐ ஒட்டி நிற்கும். அவசரப்பட்டு ஸ்வைப் செய்வதில் பயனில்லை.

கேள்வி: டெட்ரிஸில் ஒவ்வொரு வரியாகக் கலைப்பதும் நான்கு வரி சேர்த்துக் கலைப்பதும் ஒன்றுதானே? – வாசகர், யாழ்ப்பாணம்

1989-இன் நின்டெண்டோ என்இஎஸ் (டிவியில் இணைத்து ஆடும் கன்சோல்) பதிப்பில் ஒரு வரிக்கு 40, இரண்டுக்கு 100, மூன்றுக்கு 300, நான்குக்கு 1200 புள்ளி. இதை லெவல் எண்ணோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். நான்கு வரியைத் தனித்தனியாகக் கலைத்தால் 160. ஒன்றாகக் கலைத்தால் 1200. ஏழரை மடங்கு. ஓரத்தில் ஒரு சந்து விட்டு மற்ற ஒன்பது நிரையையும் ஓட்டை இல்லாமல் ஏற்றி, நீளக் கட்டைக்குக் காத்திருப்பது அதனால்தான்.

எவ்வளவு காத்திருக்கலாம் என்பது பதிப்பைப் பொறுத்தது. புதிய பதிப்புகள் பலவற்றில் ஏழு கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி எடுத்து முடித்த பிறகே அடுத்த பை. ஒரு நீளக் கட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் அதிகபட்சம் 12 கட்டைதான் வர முடியும். என்இஎஸ் பதிப்பில் அப்படி உத்தரவாதம் இல்லை. 20, 30 கட்டை வந்தும் வராது. அடுக்கு பாதி உயரத்தைத் தாண்டினால் பேராசைப்படாமல் ஒன்றிரண்டு வரியைக் கலைத்துக் கீழே இறக்குங்கள்.

அந்தப் பதிப்பில் 29-ஆம் லெவலில் கட்டை ஒரு ஃபிரேமுக்கு ஒரு வரி விழும். அடியைத் தொட மூன்றில் ஒரு வினாடி. பட்டனை அழுத்திப் பிடித்தால் முதல் நகர்வுக்குப் பிறகு 16 ஃபிரேம் காத்திருந்துதான் அடுத்தது நகரும். ஆகவே பிடித்து ஆடுகிறவருக்கு அதுதான் எல்லை என்று நெடுநாள் கருதப்பட்டது. கன்ட்ரோலரின் பின்பக்கத்தை விரல்களால் தவில் வாசிப்பதுபோல் தட்டி, பட்டனைக் கட்டைவிரலுக்கு எதிராக உந்தும் முறை வந்த பிறகு எல்லை வெகுதூரம் தள்ளிப்போனது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் லெவல்வரை போய் ஆட்டமே உறைந்து நிற்கச் செய்தான்.

கேள்வி: நோக்கியா பாம்பு ஆட்டத்தில் பலகை முழுவதையும் நிரப்ப முடியுமா? – வாசகர், சிவகாசி

முடியும், ஒரு நிபந்தனையோடு. எல்லாக் கட்டத்தையும் ஒரே ஒரு முறை தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் ஒரு சுற்றுப்பாதையை வைத்துக்கொண்டு அதிலேயே ஓட வேண்டும். வரிசைகள் இரட்டைப்படை என்றால்: மேல் வரிசையில் இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை போங்கள். அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது இடது ஓர நிரையை விட்டு நில்லுங்கள். இப்படியே வளைந்து கீழே போய், கடைசி வரிசையில் மட்டும் இடது ஓரம்வரை வந்து, விட்டுவைத்த நிரை வழியாக மேலே ஏறுங்கள். வரிசை ஒற்றைப்படையாக இருந்து நிரை இரட்டைப்படை என்றால் பலகையைப் பக்கவாட்டில் திருப்பி இதையே செய்யலாம். இரண்டும் ஒற்றைப்படை என்றால் அப்படிப்பட்ட சுற்றே கிடையாது. சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளை அடித்துப் பாருங்கள்: ஒரு நிறம் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும், சுற்றில் நிறங்கள் மாறி மாறி வருவதால் இரண்டும் சமமாக இருந்தாக வேண்டும்.

முழுச் சுற்றும் ஓடினால் ஆட்டம் தூங்கி வழியும். பாம்பு குட்டையாக இருக்கும்போது குறுக்கே வெட்டி இரைக்குப் போகலாம். சுற்றின் வரிசைப்படி தலை தன் வாலைத் தாண்டி முன்னே போகாதவரை ஆபத்தில்லை. பலகையில் பாதியைப் பாம்பே அடைத்த பிறகு குறுக்கு வழியை விட்டுவிடுங்கள்.